'விண்டோஸ்' நல்லதா, 'லினக்ஸ்' நல்லதா? எல்லையோரத் தமிழர்களிடையே ஓயாத வழக்கு

குமுளி செக்போஸ்ட்டின் இந்தப் பக்கம் நிற்பவருக்கும் அந்தப் பக்கம் நிற்பவருக்கும் பேச்சில் வித்தியாசம் கிடையாது. சாப்பாட்டிலும் கிடையாது. அக்காள் கம்பத்தில் வாழ்க்கைப்பட்டிருப்பாள். தங்கை வண்டிப்பெரியாறு எஸ்டேட் லயத்தில் இருப்பாள். பொங்கலுக்குப் பிள்ளைகள் ஒரு வீட்டில் கூடும்போதுதான் ஒரு வித்தியாசம் மெல்லத் தலைகாட்டும்.

கம்பத்துப் பையனிடம் பிளஸ்-2 படித்தபோது தமிழக அரசு கொடுத்த லேப்டாப் இருக்கும். அதில் அவன் பழகியது 'விண்டோஸ்'. வண்டிப்பெரியாறு பெண் பள்ளிக்கூட லேபில் பழகியது 'லினக்ஸ்'. "உங்க ஸ்கூல் கம்ப்யூட்டர்ல ஒரு கேம்கூட ஓடாதே" என்பான் அவன். "அண்ணே, உங்க மெஷினுக்குத்தான் வைரஸ் பிடிக்கும்" என்பாள் அவள். அப்புறம் சித்தப்பா ஒரு கட்சி, பெரியப்பா ஒரு கட்சி. அவர்களில் ஒருவருக்குக் கம்ப்யூட்டரைத் திறக்கவே தெரியாது என்றாலும் குரல் உயர்வதில் குறைவிருக்காது.

பாலக்காட்டுப் பக்கமும் இதே கதைதான். கொழிஞ்சாம்பாறையில் வீடு, பொள்ளாச்சியில் வேலை என்று மீனாட்சிபுரத்தையும் கோபாலபுரத்தையும் தினமும் தாண்டிப் போய் வருகிற குமாஸ்தாக்கள் உண்டு. ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் வேறு ஒரு கம்ப்யூட்டர். பையன் சந்தேகம் கேட்டால் அப்பா முழிக்கிறார். முழிப்பதை மறைக்க, "உங்க ஸ்கூல்ல உருப்படியானதைச் சொல்லிக் கொடுக்கலை" என்று சொல்லிவிடுகிறார்.

கங்காணி மாதிரி

இந்த 'ஆபரேட்டிங் சிஸ்டம்' என்பது என்ன? எஸ்டேட் தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். துரை நேராகத் தொழிலாளியிடம் பேசுவதில்லை. நடுவில் கங்காணி. யார் எந்த மலைக்குப் போவது, யாருக்கு என்ன வேலை, எது முதலில், எது பிறகு என்று பிரித்து விடுகிறவர் அவர். கம்ப்யூட்டரில் கீபோர்டு, திரை, பிரிண்டர், நினைவகம் எல்லாவற்றையும் மேய்க்கிற கங்காணிதான் ஆபரேட்டிங் சிஸ்டம்.

'விண்டோஸ்' மைக்ரோசாப்ட் கம்பெனியின் சரக்கு. முதல் பதிப்பு 1985-ல் வந்தது. இதற்கு லைசென்ஸ் வாங்க வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வெளியார் பார்க்க முடியாது. 'லினக்ஸ்' 1991-ல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்தது. அதற்கு முன்பே, 1983-ல், அமெரிக்காவின் ரிச்சர்டு ஸ்டால்மன் 'க்னூ' என்ற பெயரில் ஒரு முயற்சியை அறிவித்திருந்தார். இரண்டும் சேர்ந்ததுதான் இன்று பள்ளிகளில் ஓடுவது. இதை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம்.

கேரளத்தில் நடந்தது

கேரள அரசு 2001-ல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தைத் தொடங்கியபோது பள்ளிகளில் இருந்தது விண்டோஸ்தான். பாடப் புத்தகமும் அதை ஒட்டியே எழுதப்பட்டது. ஒரு கம்பெனியின் சரக்கை மட்டும் அரசுப் பள்ளியில் சொல்லிக் கொடுப்பதா என்று இடதுசாரி ஆசிரியர் சங்கமான கே.எஸ்.டி.ஏ. எதிர்ப்புக் கிளப்பியது. அதே 2001-ல்தான் ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்து, சுதந்திர மென்பொருள் அமைப்பின் இந்தியக் கிளையைத் தொடங்கி வைத்தார். 2006-ல் அச்சுதானந்தன் முதலமைச்சராகவும் எம்.ஏ. பேபி கல்வி அமைச்சராகவும் வந்தார்கள். அடுத்த இரண்டொரு ஆண்டுகளில் உயர்நிலைப் பள்ளிகள் லினக்ஸுக்கு மாறின. எஸ்.எஸ்.எல்.சி. ஐ.டி. பரீட்சையும் லினக்ஸிலேயே என்று ஆகிவிட்டது.

இப்படி நடந்ததால் லினக்ஸுக்கு அரசியல் சாயம் ஏறியதில் ஆச்சரியமில்லை. எதிர்க்கட்சி அனுதாபிகள் அதைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். ஆளுங்கட்சி அனுதாபிகள் அதைக் கொள்கையாகவே கொண்டாடினார்கள். இரண்டு பேரில் எத்தனை பேர் ஒரு வாரம் உட்கார்ந்து அதில் வேலை செய்து பார்த்தார்கள் என்பது வேறு விஷயம். 2011-ல் ஆட்சி மாறி உம்மன் சாண்டி முதலமைச்சரானார். பள்ளிகளில் லினக்ஸ் மாறவில்லை. 2017-ல் அந்தத் திட்டம் 'கைட்' என்ற அரசு நிறுவனமாகியது. லினக்ஸ் இன்னமும் தொடர்கிறது. 2024-ல் புதிய பதிப்பும் வந்தது. கட்சிச் சண்டையாகத் தொடங்கிய ஒன்று, இரண்டு கட்சிகளுக்கும் பொதுவான வழக்கமாகிவிட்டது.

மூணாறு, பீர்மேடு, உடும்பன்சோலை, சித்தூர் வட்டாரங்களில் தமிழ் மீடியத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கும் இதே பாடம்தான். ஐ.சி.டி. பாடப் புத்தகம் தமிழிலும் வருகிறது. கடிதம் எழுத 'லிப்ரே ஆபீஸ்', படம் வரைய 'ஜிம்ப்', 'இங்க்ஸ்கேப்', கணக்குக்கு 'ஜியோஜீப்ரா' என்று பிள்ளைகள் பழகுகிறார்கள்.

அந்தப் பக்கம்

தமிழ்நாட்டிலும் லினக்ஸ் முயற்சி நடக்காமல் இல்லை. 'எல்காட்' நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் 2006, 2007-ம் ஆண்டுகளில் அந்த நிறுவனத்தின் சொந்தக் கம்ப்யூட்டர்களையே 'சூசே லினக்ஸ்'ஸுக்கு மாற்றினார். அரசுத் துறைகளுக்கு வாங்கியவற்றிலும் அதையே புகுத்தினார். பிறகு 2011 செப்டம்பரில் ஜெயலலிதா தொடங்கி வைத்த இலவச லேப்டாப் திட்டத்தில் இரண்டு சிஸ்டமும் சேர்ந்து வந்தன. ஒன்று விண்டோஸ், மற்றொன்று மத்திய அரசின் 'சி-டாக்' நிறுவனம் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸ்'. சுவிட்சைப் போட்டதும் எது வேண்டும் என்று கேட்கும்.

பத்தாண்டுகளுக்குள் 50 லட்சத்துக்கு மேல் லேப்டாப்கள் பிள்ளைகள் கைக்குப் போயின. இரண்டையும் திறந்து பார்த்து ஒப்பிட்டவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் தேனி மாவட்டத்திலோ பொள்ளாச்சி வட்டாரத்திலோ விசாரித்தால், 'பாஸ்' என்று ஒன்று அதில் இருந்ததே தெரியாதவர்கள் சாதாரணமாக அகப்படுவார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் எதைத் திறந்தானோ அதையே தம்பியும் திறந்தான்.

டைப்ரைட்டர் கற்றவர்களுக்குத் தெரியும்

பாலக்காட்டுத் தமிழர்கள் ஒரு காலத்தில் டைப்ரைட்டிங்கையும் ஷார்ட்ஹேண்டையும் கையில் வைத்துக்கொண்டுதான் பம்பாய்க்கும் டெல்லிக்கும் ரயில் ஏறினார்கள். லோயர், ஹையர் பாஸ் செய்தவர்களுக்கு விரல்தான் முதல். இங்கிலீஷ் டைப்ரைட்டரின் எழுத்து வரிசை 1870-களில் ரெமிங்டன் கம்பெனி மெஷினோடு வந்தது. அதைவிட நல்ல வரிசை இருக்கிறது என்று பின்னால் எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். நடக்கவில்லை. பொருளாதார அறிஞர் பால் டேவிட் 1985-ல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை பிரசித்தம். எல்லாரும் பழகிவிட்டார்கள் என்பதே அந்த வரிசை நிலைத்ததற்குக் காரணம் என்பது அவர் கட்சி. அதையும் மறுத்து எழுதியவர்கள் உண்டு.

தமிழில் இந்தக் கதை இன்னும் ருசிகரமானது. யாழ்ப்பாணத்துக்காரரான ஆர். முத்தையா அமைத்துக் கொடுத்த தமிழ் டைப்ரைட்டரில் பழகிய கைகள் ஆயிரக்கணக்கு. 1999-ல் தமிழக அரசு 'தமிழ் 99' என்ற கீபோர்டை அங்கீகரித்தது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்யெழுத்துகள் வலது கைக்கு என்று யோசித்துச் செய்த அமைப்பு அது. புதிதாகக் கற்றுக்கொள்பவர் சில நாட்களில் பழகிவிடுவார். ஆனால் இருபது வருஷம் டைப் அடித்தவர் அதைத் தொட்டால் முதல் வாரம் ஒரு பக்கம் அடிப்பதற்குள் வியர்த்துவிடும். "இது சரியில்லை" என்று எழுந்துவிடுவார். சரியில்லாதது கீபோர்டா, பழகாத விரலா என்று அந்த நேரத்தில் அவருக்கே பிரித்துச் சொல்ல வராது.

விண்டோஸ் - லினக்ஸ் சண்டையின் பாதி இங்கேதான் இருக்கிறது. 'சுலபம்' என்று ஒருவர் சொன்னால், 'நான் முதலில் கற்றது' என்று அர்த்தம் செய்துகொள்வது பெரும்பாலும் தவறாகாது.

அமெரிக்காவில் ஒரு வேடிக்கையான பரிசோதனை செய்தார்கள். கானேமன், நெட்ச், தேலர் என்ற மூன்று அறிஞர்கள் 1990-ல் வெளியிட்டது. வகுப்பில் பாதி மாணவர்களுக்கு ஒரு காபிக் கோப்பையைச் சும்மா கொடுத்தார்கள். மீதிப் பேருக்குக் கொடுக்கவில்லை. கோப்பை கிடைத்தவர்களிடம் "என்ன விலைக்கு விற்பீர்கள்?" என்றும், கிடைக்காதவர்களிடம் "என்ன விலைக்கு வாங்குவீர்கள்?" என்றும் கேட்டார்கள். விற்பவர்கள் சொன்ன விலை, வாங்குபவர்கள் சொன்னதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! சற்று நேரத்துக்கு முன்பு வரை அந்தக் கோப்பை யாருடையதும் அல்ல. கைக்கு வந்ததும் மதிப்பு ஏறிவிட்டது. இரண்டு மடங்கு விலை சொன்னவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு அது உண்மையாகவே அப்படித் தோன்றியது.

விண்டோஸ்காரர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அவர்களும் புதிதாகக் கற்றுக்கொண்டேதான் வந்திருக்கிறார்கள். 'ஆபீஸ் 2007' வந்தபோது பழைய மெனு முழுதும் காணாமல் போனது. 2012-ல் 'விண்டோஸ் 8' வந்தபோது 'ஸ்டார்ட்' பொத்தானே இல்லை. ஜனங்கள் போட்ட சத்தத்தில் மறு வருஷம் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அந்தத் தொல்லையை எல்லாம் 'புது வெர்ஷன்' என்று பொறுத்துக்கொண்டவர், அதே அளவு மாற்றத்தை லினக்ஸில் கண்டால் 'கஷ்டம்' என்கிறார். லினக்ஸ்காரர்களின் மறதி வேறு ரகம். ஒரு பிரிண்டரை ஓட வைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் செலவழித்ததை அவர்கள் வெளியே சொல்வதில்லை.

கணக்கிலும் பட்சபாதம்

உணர்ச்சியை விட்டுவிடுவோம், ரூபாய்க் கணக்கைப் பார்க்கலாம் என்றால், அங்கேயும் இதே வியாதி.

லினக்ஸால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 'கைட்' நிறுவனம் 2019-ல் சொன்னது. பள்ளிகளில் 2 லட்சம் கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் லைசென்ஸ் வகையில் ஒன்றரை லட்சம் ரூபாய் என்ற பெருக்கல் அது. மிச்சம் உண்டு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பள்ளிக்கூடங்களுக்குக் கம்பெனிகள் முழு விலையில் விற்பதில்லை. ஒரு மெஷினுக்கு ஒன்றரை லட்சம் கொடுத்து எந்த அரசும் வாங்கியிருக்காது. மறுபக்கம், லினக்ஸைவிட விண்டோஸுக்கே மொத்தச் செலவு குறைவு என்று மைக்ரோசாப்ட் 2004-ல் ஒரு பெரிய விளம்பர இயக்கமே நடத்தியது. அதற்கு ஆதாரமாகக் காட்டிய ஆய்வுகள் சிலவற்றுக்குப் பணம் கொடுத்ததும் மைக்ரோசாப்ட்தான்.

ஜெர்மனியின் மியூனிக் நகரசபை விவகாரம் இதைவிடச் சுவாரஸ்யம். லினக்ஸுக்கு மாறுவதென்று 2003-ல் முடிவு செய்தார்கள். மைக்ரோசாப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மரே மேயரைப் பார்க்க ஓடிவந்தார். பலிக்கவில்லை. 2013-க்குள் ஏறக்குறைய 15,000 கம்ப்யூட்டர்கள் மாறின. ஒரு கோடி யூரோவுக்கு மேல் மிச்சம் என்றது நகரசபை. மைக்ரோசாப்டுக்காக எச்.பி. கம்பெனி செய்த ஆய்வோ, லினக்ஸுக்கு 6 கோடி யூரோ ஆகும், விண்டோஸிலேயே இருந்தால் 1.7 கோடிதான் ஆகியிருக்கும் என்றது. ஊர் ஒன்று, கம்ப்யூட்டர்களும் அதே கம்ப்யூட்டர்கள், கணக்கு மட்டும் இரண்டு!

2014-ல் வந்த புது மேயர் டீட்டர் ரைட்டர் தம்மை மைக்ரோசாப்ட் ரசிகர் என்று முன்பே சொல்லிக்கொண்டவர். சிப்பந்திகள் புகார் சொல்கிறார்கள் என்று காரணம் காட்டி, 2017-ல் விண்டோஸுக்குத் திரும்பத் தீர்மானம் போட்டார்கள். ஆனால் அதற்கு முன் நகரசபையே ஏற்பாடு செய்த ஆய்வு, தொல்லைக்கு முக்கியக் காரணம் பல கூறாகக் கிடந்த நிர்வாகம் என்று சொல்லியிருந்தது. 2020-ல் புதிய கூட்டணி அமைந்ததும், முடிந்த இடங்களில் எல்லாம் மறுபடி திறந்த மென்பொருள் என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்.

குமாஸ்தாவை யார் கேட்டார்கள்?

எல்லாவற்றையும் பட்சபாதம் என்று தள்ளிவிடுவதும் நியாயமல்ல. எதிர்ப்பவரிடம் சரக்கு இருக்கும் இடங்களும் உண்டு.

எல்லையோர ஊர்களில் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கும் டி.டி.பி. கடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 'பேஜ்மேக்கர்', 'பாமினி' போன்ற பழைய தமிழ் எழுத்துரு, பல வருஷம் சேர்ந்த ஃபைல்கள். இந்த எழுத்துருக்கள் யூனிகோடு அல்ல. இங்கிலீஷ் எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தைப் பதித்துச் செய்தவை. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் ஃபைலைத் திறந்தால் மாப்பிள்ளை பெயர் இருந்த இடத்தில் இங்கிலீஷ் எழுத்துகள் கன்னாபின்னாவென்று கிடக்கும். பேஜ்மேக்கர் லினக்ஸுக்கு வரவே இல்லை. ஏலக்காய் வியாபாரியின் கணக்குப்பிள்ளை 'டேலி'யில் கணக்கு எழுதுகிறார். அது விண்டோஸுக்காகச் செய்தது. இவர்கள் மாறமாட்டோம் என்பது பிடிவாதம் அல்ல, பிழைப்பு.

'லினக்ஸ் இலவசம்' என்ற பிரசாரம் இந்தக் கடைகளில் எடுபடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. வெகுகாலம் அங்கே விண்டோஸும் இலவசம்தான்! திருட்டு சி.டி.யில் வந்தது. காசு கொடுக்காதவரிடம் காசு மிச்சம் என்று சொன்னால் காதில் ஏறுமா?

ஆபீஸ்களிலோ, மாற்றுவதென்று முடிவு செய்பவர் ஒருவர், அதில் உட்கார்ந்து அடிப்பவர் மற்றொருவர். அதிகாரிக்கு அது ஒரு கையெழுத்து. குமாஸ்தாவுக்கோ பல வருஷம் சேர்த்த வேகம் போகிறது. ஃபைல் தேங்கினால் பேச்சு வாங்குபவரும் அவரே. முறையான பயிற்சியும் இரண்டு மாத அவகாசமும் கொடுத்தால் முணுமுணுப்பு பாதி அடங்கும். கேரளப் பள்ளிகளில் லினக்ஸ் நின்றதற்கு ஆசிரியர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி கொடுத்தது பெரிய காரணம். தமிழக அரசு 2014-ல், 'விண்டோஸ் எக்ஸ்.பி.'க்கு மைக்ரோசாப்ட் ஆதரவு ஏப்ரல் 8-ந்தேதியோடு முடிகிறது என்றதும், துறைகள் 'பாஸ் லினக்ஸ்'ஸுக்கு மாறலாம் என்று யோசனை சொன்னது. கடிதம் போன வேகத்துக்கு ஆபீஸ்கள் மாறவில்லை.

பெற்றோரின் கவலை ஒன்று மிச்சமிருக்கிறது. "லினக்ஸ் படித்துவிட்டுக் கோயம்புத்தூரில் வேலைக்குப் போனால் அங்கே விண்டோஸ்தானே இருக்கும்? பிள்ளை முழிக்காதா?" லயத்து வீட்டில் சொந்தக் கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளைக்குப் பள்ளிக்கூட லேபைத் தவிர வேறு வழி கிடையாது. ஆகவே இந்தக் கேள்வியை அசட்டை செய்ய முடியாது. ஆனால் லிப்ரே ஆபீஸில் அட்டவணை போட்டுக் கூட்டல் கழித்தல் செய்யத் தெரிந்த பிள்ளைக்கு 'எக்ஸெல்' அந்நியமாக இருக்காது. சில வாரங்களில் பழகிவிடும். மேலும், பெரிய கம்பெனிகளின் சர்வர்களில் லினக்ஸே மிகுதி. எல்லார் சட்டைப்பையிலும் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவதும் லினக்ஸ் கருவே. லினக்ஸை ஏசி வாட்ஸ்அப்பில் எழுதுபவரும் பெரும்பாலும் லினக்ஸில்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்!

மறுபடி ஒரு கெடு

'விண்டோஸ் 10'-க்கு மைக்ரோசாப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ந்தேதியோடு முடிந்தது. வீட்டு உபயோகக்காரர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்று ஒரு சலுகை. 'விண்டோஸ் 11' போடலாம் என்றால், 'டி.பி.எம். 2.0' என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய பிராசஸரும் இல்லாத மெஷின் அதை ஏற்காது. தமிழக அரசின் ஆரம்பகால லேப்டாப்களும் டி.டி.பி. கடைகளின் பழைய மெஷின்களும் இதில் அடிபடும்.

இந்தப் பழைய மெஷின்களுக்கு ஒரு சோதனை வழி இருக்கிறது. 'உபுண்டு' போன்ற லினக்ஸ் ரகங்களை ஒரு பென் டிரைவில் ஏற்றி, உள்ளே இன்ஸ்டால் செய்யாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். பிரிண்டர் அடிக்கிறதா, பழைய ஃபைல் திறக்கிறதா, பாங்க் இணையதளம் ஓடுகிறதா என்று தன் வேலையை வைத்துத் தானே பார்த்துக்கொள்ளலாம். தமிழ் அடிக்க 'தமிழ் 99', இன்ஸ்கிரிப்ட், இங்கிலீஷ் ஒலிப்படி அடிக்கும் முறை எல்லாம் லினக்ஸில் கிடைக்கின்றன. லோயர், ஹையர் பாஸ் செய்த விரல்களுக்கு அதே பழைய டைப்ரைட்டர் வரிசையும் உண்டு. பிடிக்காவிட்டால் பென் டிரைவைக் கழற்றி மெஷினைத் திரும்பப் போட்டால் போதும்; விண்டோஸ் வைத்த இடத்தில் அப்படியே இருக்கும். 'இன்ஸ்டால்' என்ற பொத்தானை மட்டும் அவசரப்பட்டு அமுக்கிவிடக் கூடாது.